உங்க வீட்ல பாப்பா யாரு?

நான் மூக்கில் குச்சி விடுகிறவள். கேட்பதற்கு எப்படி இருந்தாலும் வேலை அதுதான். பிறந்த குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை வாரம் ஒரு நாள் அதன் வீட்டுக்குப் போவேன். குழந்தையின் மூக்கிலும் அதற்கு மூத்த பிள்ளைகளின் மூக்கிலும் பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடி, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வருகிற சளியும் மூச்சுத் திணறலும் வீட்டிலிருக்கும் அண்ணன் அக்காக்களிடமிருந்து எவ்வளவு வருகிறது என்று பார்க்கிற ஆய்வு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அதில் முப்பத்தொன்று என் தலையில். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் குச்சி அக்கா. தெருவில் பார்த்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் அதனால்தான்.

அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. அழைப்பு மணி இருந்தும் அடிக்காது, கதவைத்தான் தட்ட வேண்டும். அம்மா, ஆறு வயதுப் பெண், கைக்குழந்தையான பையன், அப்பாவின் அக்கா என்று நான்கு பேர். அப்பாவுக்கு வெளியூரில் வேலை, எப்போதாவதுதான் வருவார். பிள்ளைகளின் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பிரசவத்துக்கு உதவியாக வந்தவர் அப்படியே வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பாத்திரம், துணி, கடை கண்ணி எல்லாம் அவர்தான். கெட்டவர் என்று சொல்லவே முடியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எனக்கும் அதே நீளம்தான் என்பதால் நாங்கள் இருவரும் ஆரம்பத்திலிருந்தே உரசிக்கொள்வோம்.

அந்தப் பெண்ணை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வருடமாக அவள்தானே அந்த வீட்டின் பாப்பா. புதிதாக வந்தவன் அவளுக்குத் தம்பி ஆகையால் வீடு முழுக்கத் தம்பி. பெற்றவளுக்கும் தம்பி, அத்தைக்கும் தம்பி. நான் போனதும் பாப்பா ஓடி வந்து முகத்தை நிமிர்த்திக் காட்டுவாள். "எனக்கு முதல்ல. நான் அழ மாட்டேன்னு தம்பி பாக்கணும்." அவளுக்கு எடுத்து முடித்த பிறகு தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுது முடிஞ்சுது" என்று அவனைச் சமாதானப்படுத்துவாள். முப்பத்தொரு வீட்டில் இப்படி ஒரு உதவியாளர் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

தம்பிக்கு ஒன்பது வாரம் ஆனபோது நான் படியில் கால் பிசகி இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேன். எனக்குப் பதிலாக வேறொருத்தி போய்க் குச்சி எடுத்தாள். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. தம்பிக்குச் சளி பிடித்து, பால் குடிக்க முடியாமல், விலா எலும்பு உள்ளே இழுக்க இழுக்க மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தான். நான் நொண்டிக்கொண்டே திரும்பிப் போன நாளில் பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், மற்றபடி பழைய தம்பிதான்.

பாப்பாதான் பழைய பாப்பா இல்லை. ஓடி வரவில்லை. பின்னறை வாசலில் உட்கார்ந்தபடி மூக்கை நீட்டினாள், முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். சமையலறைக்குத் தொட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலிலேயே நின்று கன்னத்தை உப்பிக்கொண்டு, கையால் வாயை மூடி, தொட்டிலைத் தாண்டி ஓடிப்போய், சமையலறைக்குள் நின்று புஸ்ஸென்று மூச்சை விட்டாள். திரும்பி வரும்போதும் அப்படியே. ஏதோ விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்தேன்.

"அதென்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல. என் மூச்சு தம்பி மேல படக்கூடாது" என்றாள்.

அத்தையைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கறே?" என்றார் அத்தை. "ஸ்கூல்லேருந்து வாரிக்கட்டிக்கிட்டு வந்து தம்பிக்குக் குடுத்துட்டா. அஞ்சு நாள் அங்க உக்காந்து பாத்தது நாங்க. தம்பிக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும் இவ அந்தப் பக்கம் போக வேண்டாம். அவ்வளவுதான்."

"ஒரு வயசு வரைக்குமா? அதுக்கு இன்னும் ஒம்பது மாசத்துக்கு மேல இருக்குக்கா."

"இருக்கட்டுமே. ஒம்பது மாசத்துல என்ன குறைஞ்சுடும்?"

பெற்றவள் தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னாள்: "பாப்பாவப் பாத்தா பாவமாத்தான் இருக்குக்கா. ஆனா அவன் மூச்சு விட்ட சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. இன்னொரு தடவ அதக் கேக்க என்னால முடியாது."

மூன்று மாடியும் இறங்குகிறவரை நான் எனக்குள் அத்தையோடு சண்டை போட்டுக்கொண்டே இறங்கினேன். ஆறு வயசுப் பிள்ளை, தம்பியைத் தொடக்கூடாது, பக்கத்தில் மூச்சுவிடக்கூடாது, தன்னால்தான் அவன் சாகக் கிடந்தான் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது மாதம் வீட்டுக்குள் நடமாட வேண்டும். நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

அலுவலகத்துக்குப் போனதும் மின்னலிடம் போனேன். நாங்கள் வீடு வீடாகக் கொண்டுவருகிற கார்டுகளைக் கணினியில் ஏற்றுகிறவன் அவன். விரல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடுவதால் அந்தப் பெயர். ஒவ்வொரு வீட்டிலும் தாயார் தினமும் ஒரு கார்டில் எழுதி வைக்க வேண்டும். தேதி, யாருக்கு, என்ன தொல்லை என்று மூன்றே கட்டம். மின்னல் அதைப் பார்த்து, 'குழந்தை' அல்லது 'உடன்பிறந்தவர்' என்று இரண்டில் ஒன்றைத் தட்டுவான். தனித்தனி வீட்டின் விவரத்தை ஆய்வு முடிகிறவரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி. எனக்கும் தெரியும், மின்னலுக்கும் தெரியும்.

"சும்மா ஒரு பார்வ பாத்து சொல்லு. யாருக்கு முதல்ல இருமல்?"

அவன் இரண்டு தட்டுத் தட்டினான். "செவ்வாய்க்கிழம குழந்தைக்கு. கூடப்பொறந்தவங்களுக்கு வெள்ளிக்கிழம. குழந்தைக்குத்தான்க்கா முதல்ல."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் பாப்பாவிடமிருந்து தம்பிக்கு வரவில்லை, தம்பியிடமிருந்துதான் பாப்பாவுக்கே வந்திருக்கிறது. அந்த வீட்டுக்குப் போகிற அடுத்த வியாழக்கிழமை எப்போது வருமென்று காத்திருந்து, பையைக் கீழே வைக்கிறதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அத்தை நெற்றியைச் சுருக்கினார். "பாப்பாதானே முதல்ல இருமினா? எனக்கு அப்படித்தான் ஞாபகம்."

"உங்க ஞாபகத்த விடுங்கக்கா. கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுவும் இவங்க கைப்பட எழுதினது."

"நானா?" என்றாள் பெற்றவள். "தூக்கமே இல்லாத நாள்ல என்ன எழுதினேன்னே எனக்குத் தெரியலக்கா." சொல்லும்போதே அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். "அப்ப பாப்பா இல்லையா?"

"இல்லவே இல்ல."

அத்தை அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவரை வாயடைக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பாப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து மடியில் தம்பியை வைத்தோம். அவள் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் சட்டைப் பொத்தானைப் பிடிக்கப் பார்த்தான். அவள் என்னையே பார்த்தாள், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகம் சிவந்துகொண்டே வந்தது. "போதும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி, தம்பியை அம்மாவிடம் நகர்த்திவிட்டுப் பின்னறைக்கு ஓடிவிட்டாள்.

"பழகிப்போச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். எனக்குத் தெரியாததெல்லாம் இப்படித்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரமும் சரியாகவில்லை. "யாரும் தடுக்கலக்கா. அவளே கிட்ட வர மாட்டேங்கறா" என்றாள் பெற்றவள். தொட்டிலைத் தாண்டும்போது பாப்பா இன்னும் கன்னத்தை உப்பிக்கொண்டுதான் ஓடினாள்.

அதற்கு நான்கு நாள் கழித்து மின்னல் என் மேசைக்கு வந்து நின்றான். அவன் இடத்தைவிட்டு எழுந்து வந்தாலே ஏதோ வினை என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்திலிருந்து குச்சிகளின் முடிவு வந்திருந்தது.

"அக்கா, ஒரு வீட்ல குச்சியும் கார்டும் சண்ட போடுது. அந்தச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவுல வியாழக்கிழம எடுத்ததுல கூடப்பொறந்தவங்களுக்கு வைரஸ் இருக்கு. குழந்தைக்கு இல்ல. குழந்தைக்கு அடுத்த வாரம்தான் வருது. ஆனா கார்டுல குழந்தைக்குத்தானே முதல்ல இருமல்?"

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து கார்டைத் தேடி எடுத்தேன். பெற்றவளின் உருண்டை உருண்டையான கையெழுத்து. செவ்வாய், பாப்பா, இருமல், மூக்கு ஒழுகுது. வெள்ளி, தம்பி, இருமல், பால் குடிக்கலை.

மின்னல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "ஏங்க்கா, பாப்பான்னா குழந்தைதானே? தம்பின்னா கூடப்பொறந்தவன்தானே?"

அவனை என்னவென்று திட்டுவது? அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான். அந்த வீட்டுக்குள் ஒருநாள்கூட அவன் போனதில்லை. போனவள் நான். வாரா வாரம் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டவள் நான். கார்டை ஒரு தடவை கையில் எடுத்திருந்தால் போதும், கண்ணைக் குத்தியிருக்கும். எனக்குப் பிடித்த பதில் கிடைத்ததும் எடுக்கத் தோன்றவில்லை. ஊரார் மூக்கிலெல்லாம் குச்சி விட்டவளின் மூக்கு அன்றைக்கு நன்றாக உடைபட்டது.

டாக்டர்தான் ஆய்வுக்குத் தலைவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இது மாதிரி இன்னும் எத்தன வீட்ல இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த இரண்டு நாளும் நானும் மின்னலும் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டோம். "உங்க வீட்ல பாப்பா யாரு?"

ஒரு வீட்டில் பாப்பா ஒன்பதாம் வகுப்புப் படித்தாள். ஒரு வீட்டில் பாப்பாவே பேசினார், அந்தக் குழந்தையின் சித்தி, வங்கியில் மேலாளர். ஒரு வீட்டில் பாப்பா இரண்டு பேர், பெரிய பாப்பா சின்ன பாப்பா. இன்னொரு வீட்டில் பாப்பா நாய்க்குட்டி. அது மூன்று நாள் வாந்தி எடுத்ததைப் பொறுப்பாகக் கார்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், நாங்களும் பொறுப்பாகக் குழந்தையின் கணக்கில் ஏற்றியிருக்கிறோம். மின்னல் சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் என் அடிவயிற்றில் அந்த மூன்றாவது மாடி உட்கார்ந்திருந்தது.

பதினான்கு வீடுகளில் குழந்தையும் உடன்பிறந்தவரும் இடம் மாறியிருந்தார்கள். எல்லாவற்றையும் திருத்திய பிறகு டாக்டரிடம் மிச்சத்தையும் சொன்னேன், விதியை மீறி வாயைவிட்டது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு மூச்ச அடக்கிக்கிட்டு நடக்குது டாக்டர்."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"இப்படியே விட்டுடலாமா? தப்பான பதில்தான், ஆனா அதனால அவளுக்கு நல்லதுதானே?"

"நல்லது நடந்துச்சா?"

நடக்கவில்லையே.

"நம்ம கார்டுல யாருக்கு முதல்லன்னு கேக்கறோம். யார் தப்புன்னு கேக்கல. அதப் போய் அந்த வீட்ல எப்படிச் சொல்லுவீங்களோ எனக்குத் தெரியாது. ஆனா நீங்கதான் போய்ச் சொல்லணும்" என்றார்.

வியாழக்கிழமை அந்தப் படிகளில் ஏறியது போல் நான் எந்தப் படியிலும் மெதுவாக ஏறியதில்லை. கால் வலி ஒரு சாக்கு. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் அன்னிக்கே சொன்னேனே என்று அத்தை கேட்பார். பாப்பாவைப் பின்னறைக்கு அனுப்பிவிடுவார், இந்தத் தடவை ஆய்வின் சாட்சியோடு. பெற்றவள் பயத்தில் சும்மா இருப்பாள்.

பாப்பாவை வேறு எங்காவது அனுப்பிவிட்டுப் பேசத்தான் நினைத்தேன். ஆனால் அவள் பின்னறை வாசலில் உட்கார்ந்து ஏதோ படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்ததுமே பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அதற்கு மேல் அவளை அனுப்ப மனசு வரவில்லை.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. கார்டத் தப்பா படிச்சுட்டோம். பாப்பாவுக்குத்தான் முதல்ல வந்திருக்கு. அப்புறம்தான் தம்பிக்கு. அரைகுறையா தெரிஞ்சு பேசினது என் தப்பு. மன்னிச்சுடுங்க."

அத்தை வெற்றிக் களிப்பில் என்னை ஒரு பார்வை பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தார். பெற்றவள் தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டே பாப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் பாப்பா. "எனக்குத்தான் முதல்ல இருமல் வந்துச்சு. நீங்கதான் தப்பா சொன்னீங்க."

"தெரியுமா? அன்னிக்கே ஏன் சொல்லல?"

"எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க."

பெரியவர்கள் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு சமாதானத்தோடு நிம்மதியாகிவிட்டோம். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள். அதனால்தான் எங்களுக்கும் சேர்த்து அவளே தம்பியைக் காவல் காத்திருக்கிறாள், தன்னிடமிருந்தே. நான் செய்த நல்லது அந்தப் பிள்ளையை இன்னும் தனியாக்கியிருந்தது. வெட்கமாக இருந்தது.

"எனக்கு யாரு குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"தெரியல பாப்பா. ஸ்கூல்ல பக்கத்துல உக்காந்தவங்க யாராவது இருக்கும்."

"அப்போ ஸ்கூல் லீவு. பத்து நாள் லீவு. நான் வெளியில எங்கயும் போகல, வீட்டுலயேதான் இருந்தேன்."

நான் பெற்றவளைப் பார்த்தேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஆமாக்கா, லீவுதான்" என்றாள், தனக்கே இப்போதுதான் உறைத்தது போல. பையிலிருந்து புதுக் கையுறையை எடுத்தவள் அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை துணியை மேசைமேல் வைத்தார். "எனக்குச் சளி இருந்துச்சு" என்றார்.

அவராகவே சொன்னார். "அதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி. மூக்கு ஒழுகுச்சு, தொண்ட கரகரன்னு இருந்துச்சு. ரெண்டு நாள்ல போயிடுச்சு. அதப் போய் யாரு பெருசா நெனைப்பா? பாப்பா என் கூடத்தான் படுப்பா, என் போர்வைக்குள்ளதான். ஆஸ்பத்திரில அந்தக் குழாயப் பாத்தப்புறம்தான் எனக்கு நெனப்பே வந்துச்சு. என்கிட்டேருந்தா இருக்குமோன்னு. அப்படி நெனச்ச அன்னிக்கே என் வாய் அவளச் சொல்லிடுச்சு. அப்புறம் அத என்னால திரும்ப எடுக்க முடியல." என்னைப் பார்த்தார். "நீ இத்தன வாரம் வந்தே. என்கிட்ட ஒரு தடவகூடக் குச்சிய நீட்டலியே."

நீட்டவில்லைதான். பெரியவர்களுக்குக் குச்சி கிடையாது, ஆய்வின் திட்டமே அப்படி. பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாக வந்து போகிற அதே கிருமிதான் கைக்குழந்தையை மூச்சுத் திணற வைக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் பிள்ளைகளிடம் மட்டும்தான் தேடினோம். "உங்ககிட்டேருந்துதான்னு உறுதியா சொல்ல முடியாதுக்கா" என்றேன். "இல்லன்னும் சொல்ல முடியாது." அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பெற்றவள் எழுந்திருக்கப் பார்த்தாள், தம்பி மடியில் தூங்கிப்போயிருந்ததால் முடியவில்லை. பாப்பாதான் எழுந்து போனாள். அத்தையின் முழங்காலருகே நின்று, முந்தானையை மெல்ல இழுத்து, முகம் தெரிகிற அளவுக்கு விலக்கினாள்.

"நீங்க வேணும்னேவா குடுத்தீங்க அத்தை? தெரியாமதானே குடுத்தீங்க. அழாதீங்க."

இந்த வார்த்தையை ஐந்து வாரமாக எங்களில் ஒருவர்கூட அவளுக்குச் சொல்லவில்லை. அத்தை சொல்லவில்லை, பெற்றவள் சொல்லவில்லை. வாய் ஓயாத நானும் சொல்லவில்லை. யாருக்கு முதலில் என்றுதான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை அவளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா, ரெண்டு பேரும் கை கழுவிட்டு வந்து தம்பியத் தூக்கலாம்" என்றார். பாப்பா முன்னால் ஓடினாள்.